தும்பா விண்வெளி அருங்காட்சியகம்: எட்டாம் வகுப்புக் களப்பயணத்துக்குச் சரிப்படுமா?

#1 வள்ளியூர் அறிவியல்

வணக்கம். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு, மொத்தம் 62 பிள்ளைகள். விண்வெளிப் பாடம் முடிந்த கையோடு திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள வி.எஸ்.எஸ்.சி (விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்) விண்வெளி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று பேச்சு. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். போகிற போக்கில் மிருகக்காட்சிசாலை, கோவளம் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று உடன் பணிபுரிவோர் சொல்கிறார்கள்.

எட்டாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி அங்கே என்ன இருக்கிறது? பள்ளிப் பேருந்திலேயே கேரளாவுக்குள் போகலாமா? அனுமதிக்கு எங்கிருந்து தொடங்குவது? போகுமுன் வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்?

#2 தக்கலை இயற்பியல்

டீச்சர், தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் பிள்ளைகள் விடை தெரிந்துகொண்டு பேருந்தில் ஏற வேண்டும்: இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏன் இந்த மீனவக் கிராமத்திலிருந்து விட்டார்கள்? அது தெரிந்தால் அந்தக் கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அவர்களோடு பேசும். தெரியாவிட்டால் சாம்பல் நிறக் குழாய்களைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்பார்கள்.

விடை இதுதான். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கும் கோடு, தும்பாவை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 100 முதல் 110 கி.மீ உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பட்டையாக ஓடுகிறது. அதை அளக்கப் பலூன் உதவாது. ஆய்வுப் பலூன் 40 கி.மீ அளவில் நின்றுவிடும். செயற்கைக்கோளும் உதவாது, அவ்வளவு தாழ்வில் சுற்றினால் காற்று அதை இழுத்து வீழ்த்திவிடும். இடைப்பட்ட அந்த உயரத்துக்குப் போய்ச் சில நிமிடம் அளந்துவிட்டுக் கடலில் விழும் ராக்கெட் ஒன்றுதான் வழி. அதைத்தான் சவுண்டிங் ராக்கெட், ஆய்வு ராக்கெட் என்கிறோம். தும்பா அதற்காகப் பிறந்த இடம்.

கரும்பலகையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, 10 கி.மீ விமானம், 40 கி.மீ பலூன், 105 கி.மீ மின்னோட்டம், 400 கி.மீ பன்னாட்டு விண்வெளி நிலையம் என்று குறியுங்கள். நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

#3 வானம் பார்ப்போம்

அருமையான இடம். ஆரியபட்டா தொடங்கி எல்லாச் செயற்கைக்கோளும் அங்கிருந்துதானே கிளம்பின. அதையும் சொல்லிக்கொடுங்கள்.

#4 தக்கலை இயற்பியல்

அது சரியில்லை சார். பல பிள்ளைகளும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தும்பாவிலிருந்து எந்தச் செயற்கைக்கோளும் சுற்றுப்பாதைக்குப் போனதில்லை. அங்கிருந்து பறப்பவை ஆய்வு ராக்கெட்டுகள் மட்டுமே. 360 கிலோ எடையுள்ள ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டின் கபூஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து போனது. நம் மண்ணிலிருந்து நம் ராக்கெட்டில் முதலில் சுற்றுப்பாதை சேர்ந்தது 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 கொண்டுபோன ரோகிணி. அது ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து.

ஏன் தும்பா இல்லை? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்தச் சுழற்சி வேகம் இலவசமாகக் கிடைக்கும். தும்பா மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே விட்டால் எரிந்து கழன்ற அடுக்குகள் கேரளத்திலும் நம் கன்னியாகுமரி, நெல்லை ஊர்களிலும் விழும். அதனால் தும்பா ராக்கெட்டுகள் அரபிக் கடலை நோக்கியே போகும். பெரிய ராக்கெட்டுகளுக்குக் கிழக்கே கடல் உள்ள ஸ்ரீஹரிக்கோட்டா.

இதையே நீட்டினால் குலசேகரன்பட்டினம் வந்துவிடும். ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு (இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் பாதை) நேர்த் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. அதைச் சுற்றி வளைந்து போக எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல். எஸ்.எஸ்.எல்.வி போன்ற சிறிய ராக்கெட்டுகளுக்காக அங்கே 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தென்னிந்திய வரைபடம் ஒன்றை மாட்டி, மூன்று இடங்களையும் குறித்து, எந்தத் திசையில் விடலாம் என்று பிள்ளைகளையே நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பீரியடு போதும்.

#5 வானம் பார்ப்போம்

தெளிவாகிவிட்டது சார், நன்றி. வரைபட யோசனை எங்கள் பள்ளிக்கும் உதவும்.

#6 கரமனைக்காரன்

திருவனந்தபுரத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகள் வந்து மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பேருந்து: பள்ளிப் பேருந்தின் அனுமதிச் சீட்டு உங்கள் மாவட்டத்து வழித்தடத்துக்கானது. மாநில எல்லை தாண்ட மோட்டார் வாகனச் சட்டம் 88(8) பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். கேரள வரியும் கட்டியிருக்க வேண்டும். எல்லையில் உள்ள களியக்காவிளையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் பிள்ளைகளோடு ரோட்டோரம் காத்துக் கிடப்பீர்கள். வாடகை வண்டி என்றால் அகில இந்தியச் சுற்றுலா அனுமதி உள்ளதா என்று கேட்டு, அதன் நகலைப் பயணக் கோப்பில் வையுங்கள். தகுதிச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம், நாலுக்கும் நகல்.

வழி: நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை. அதற்கப்புறம் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊருக்குள் போகாதீர்கள். காரோடு என்ற ஊரிலிருந்து கழக்கூட்டம் வரைக்கும் புறவழிச்சாலை இருக்கிறது, ஏறத்தாழ 43 கி.மீ. நகரத்தைத் தொடாமல் தும்பா பக்கம் வந்துவிடலாம். நேரத்தைத் தின்பது உங்கள் பக்கத்துத் தக்கலை, மார்த்தாண்டம் நெருக்கடிதான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள பள்ளிப் பேருந்துக்கு வள்ளியூரிலிருந்து மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி: மாசி, பங்குனி வாக்கில் வரும் ஆற்றுகால் பொங்கலை நாளில் இந்த ஊருக்குள் வண்டி நகராது. பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு வருஷத்துக்கு இருமுறை. ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போவதால் அந்தப் பக்கத்துச் சாலைகள் அடைபடும். ஓண விடுமுறையும் கூடாது. ஹர்த்தால் அறிவிப்பு உண்டா என்று முந்தின ராத்திரி மலையாளச் செய்தி பாருங்கள்.

#7 நெல்லைத் தோழமை

அனுமதி பற்றி. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் தலைமை ஆசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போக வேண்டும். வெளிமாநிலம் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் தேதி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், வண்டி எண், பொறுப்பாசிரியர் கைப்பேசி எண் எல்லாம் இருக்கட்டும். பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை உண்டா என்று ஒரு தனிக் கட்டம் விடுங்கள். பல படிவங்களில் அந்தக் கட்டமே இருப்பதில்லை.

அருங்காட்சியகத்துக்குத் தனிக் கடிதம். பள்ளி முகவரித் தாளில் வகுப்பு, மாணவர் மாணவியர் எண்ணிக்கை, ஆசிரியர் பெயர்ப் பட்டியல், விரும்பும் தேதி, மாற்றுத் தேதி இரண்டு. வி.எஸ்.எஸ்.சி பாதுகாப்பு வளாகம். அதனால் ஆசிரியர்கள், ஓட்டுநர் உட்பட எல்லோரும் அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளி அடையாள அட்டை போட்டிருக்க வேண்டும். வெளியூர்ப் பள்ளிக்குப் படம் எடுக்கலாமா, பை எடுத்துப் போகலாமா, எத்தனை பேர் ஒருசேர உள்ளே வரலாம், விளக்கம் சொல்பவர் தமிழில் பேசுவாரா என்ற நான்கையும் கடிதத்திலேயே கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்கள் ஆவணத்தில் இந்தியக் குடியுரிமை இருக்காது. பாதுகாப்பு வளாகங்களில் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு விதி வேறு. முகாமை விட்டு வெளிமாநிலம் போவதற்கும் முகாம் அலுவலரிடம் முன் அனுமதி எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டையும் முதல் வாரமே தொடங்குங்கள். அருங்காட்சியகம் மறுத்தால் போகும் இடத்தையே மாற்றுங்கள். வாசலில் ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்திவைக்கும் நிலைமை எந்தப் பயணத்திலும் வரக்கூடாது.

#8 வள்ளியூர் அறிவியல்

ஐந்து பேர் இருக்கிறார்கள் டீச்சர். இது என் மனதுக்கு வரவேயில்லை. நாளைக்கே முகாம் அலுவலகத்துக்கும் தும்பாவுக்கும் சேர்த்தே கடிதம் எழுதுகிறேன். எல்லோருக்கும் அனுமதி கிடைத்த பிறகுதான் பணம் வசூல்.

#9 கோலப்பொடி

டீச்சர், வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டீர்களே. விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அருங்காட்சியகத்தில் பெரிய ராக்கெட்டுகளைச் சிறிதாக்கிய மாதிரிகளாகத்தான் வைக்க முடியும். பக்கத்துப் பக்கத்து மாதிரிகள் வெவ்வேறு அளவுத்திட்டத்தில் இருந்தால் பிள்ளை மனதில் எல்லா ராக்கெட்டும் ஒரே உயரம் என்று பதிந்துவிடும். அதற்கு மருந்து, போகுமுன் தரையில் உண்மை அளவில் வரைந்து பார்ப்பது.

வேண்டியது: 50 மீட்டர் அளவு நாடா, ஐந்து கிலோ சுண்ணாம்புப்பொடி அல்லது கோலப்பொடி, நான்கு முளைக்குச்சி, சணல் கயிறு.

நீளம்: தும்பாவின் சிறிய ஆய்வு ராக்கெட்டான ஆர்.எச்-200 சுமார் 3.5 மீ. மற்ற மூன்றும் செயற்கைக்கோளைச் சுமப்பவை. எஸ்.எல்.வி-3 22 மீ. பி.எஸ்.எல்.வி 44 மீ. எல்.வி.எம்-3 43.5 மீ. எல்லாவற்றையும் ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து இணையாக வரையுங்கள். மைதானம் போதாவிட்டால் மூலைக்கு மூலை.

தடிமன்: முளையில் கயிறு கட்டி வட்டம் போடுங்கள். எஸ்.எல்.வி-3க்கு அரை மீட்டர் கயிறு, பி.எஸ்.எல்.வி நடுப்பகுதிக்கு 1.4 மீ, எல்.வி.எம்-3 நடுப்பகுதிக்கு 2 மீ. வட்டத்தின் மேல் பிள்ளைகள் கைகோத்து நிற்கட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இரு கையையும் விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். எஸ்.எல்.வியைக் கட்டிப்பிடிக்க இரண்டு பேர், பி.எஸ்.எல்.விக்கு ஆறு பேர், எல்.வி.எம்-3க்கு எட்டு ஒன்பது பேர். முதலில் பை (π) மதிப்பைக்கொண்டு சுற்றளவைக் கணக்குப் போடவைத்து, பிறகு நிற்கவையுங்கள். கணக்கு டீச்சரும் சந்தோஷமாக வந்து நிற்பார்.

கயிறு நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும். வட்டம் போட்டபின் விட்டத்தை நாடாவால் ஒருதரம் சரிபாருங்கள்.

#10 தக்கலை இயற்பியல்

இது மிக நல்ல பயிற்சி. இதோடு எடைக் கணக்கும் சேர்க்கலாம். எஸ்.எல்.வி-3 மொத்தம் 17 டன், மேலே கொண்டுபோனது 40 கிலோ. ஒரு கிலோவைச் சுமக்க 425 கிலோ. எல்.வி.எம்-3 640 டன், தாழ் பூமிப் பாதைக்கு 8 டன். ஒரு கிலோவுக்கு 80 கிலோ. ஐந்து மடங்குக்கு மேல் முன்னேற்றம். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் போதும்: கிரையோஜெனிக் (கடுங்குளிர்) எஞ்சினில் திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன் எரிவது, ராக்கெட்டின் உடல் பாகங்கள் எடை குறைந்தது.

ஒப்பிடும்போது ஒரே வகைப் பாதையை எடுக்க வேண்டும். மிக உயரத்தில் உள்ள புவிநிலைப் பாதைக்குப் போகும் வழியிலான இடைப்பாதையில் எல்.வி.எம்-3 4 டன்தான் வைக்கும். அந்த எண்ணை எஸ்.எல்.வியோடு வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகும். இணையத்தில் பிள்ளைகள் தேடினால் இரண்டு எண்ணும் கண்ணில் படும், குழம்புவார்கள்.

#11 காந்த ஊசி

காந்த நடுக்கோட்டைச் சொல்லி விட்டுவிடாமல் செய்தே காட்டலாம். நெல்லை மாவட்டமும் அந்தக் கோட்டுக்கு மிக அருகில்தான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் நிலநடுக்கோட்டு ஆய்வகத்தைத் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் வைத்திருப்பது அதனால்தான்.

நீளமான எஃகு ஊசி ஒன்று, கோணி ஊசியோ ஸ்வெட்டர் பின்னும் எஃகு ஊசியோ. காந்தம் ஏற்றுவதற்கு முன்பே நடுவில் மெல்லிய நூல் கட்டித் தொங்கவிட்டு, துல்லியமாகப் படுக்கையாக நிற்கும் வரை முடிச்சை நகர்த்தி, ஒரு சொட்டு பசையால் ஒட்டிவிடுங்கள். காய்ந்தபின் சட்டக் காந்தத்தின் ஒரே முனையால் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை தேயுங்கள். மறுபடி தொங்கவிட்டால் வடக்கு தெற்காகத் திரும்பும், ஆனால் ஏறக்குறைய படுக்கையாகவே நிற்கும். இதே ஊசி டெல்லியில் 40 பாகைக்கு மேல் வடமுனை கீழே சாயும். காந்தச் சரிவு என்று பாடத்தில் வருவது இதுதான்.

தப்பாகும் இடம்: காந்தம் ஏற்றியபின் முடிச்சுப் போட்டால் ஊசி சாய்வது எடையாலா காந்தத்தாலா என்று பிரிக்க முடியாது. இரும்பு மேசை, இரும்பு ஜன்னல் கம்பி பக்கத்தில் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள்.

#12 நெல்லைத் தோழமை

கேள்வி: இவ்வளவும் வகுப்பிலேயே முடியுமென்றால் எதற்குத் தும்பா வரை? கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. எல்லை தாண்ட வேண்டாம், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். பிள்ளைகள் தொட்டு, சுழற்றிப் பார்க்கும் கருவிகள் அங்கே நிறைய. எட்டாம் வகுப்புக்குக் கண்ணாடிக்குள் வைத்த பொருளைவிடக் கையால் தொடுவது நல்லது என்பது என் கருத்து.

#13 தக்கலை இயற்பியல்

தொடுவது நல்லது என்பதில் எனக்கும் உடன்பாடு டீச்சர். ஆறாம், ஏழாம் வகுப்பு என்றால் நானும் கொக்கிரகுளத்தைத்தான் சொல்வேன். ஆனால் தும்பாவில் ஒன்று உண்டு, வேறெங்கும் கிடையாது: அருங்காட்சியகம் இருக்கும் அந்தக் கட்டடம்.

அது தூய மகதலேனா மரியாள் தேவாலயம். 1962-ல் இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் ஏவுதளத்துக்கு இடம் தேடி வந்தபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் முன்னிலையில் அந்த ஊர் மீனவ மக்கள் தங்கள் கோயிலையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்தார்கள். ஆயர் இல்லம் அலுவலகமானது, தேவாலயம் பணிமனையானது. அதற்குள் இணைத்துப் பூட்டிய ராக்கெட்தான் 1963 நவம்பர் 21 அன்று மேலே போனது. ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி, உள்ளே வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து. அன்று வேலை செய்தவர்களில் அப்துல் கலாமும் ஒருவர். 1968 பிப்ரவரி 2 அன்று இந்த ஏவுதளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எந்த நாட்டு விஞ்ஞானியும் வந்து ஆய்வு செய்யலாம் என்பது பொருள்.

மீன் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் பக்கத்துப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். விண்வெளித் திட்டத்துக்கு முதல் கொடை கொடுத்தவர்கள் யார் என்பதை அந்தச் சுவருக்குள் நின்று கேட்பது வேறு. அதைக் கருவியால் ஈடுகட்ட முடியாது.

#14 நெல்லைத் தோழமை

ஒப்புக்கொள்கிறேன் சார். அப்படியென்றால் கொக்கிரகுளம் ஏழாம் வகுப்பிலும் தும்பா எட்டாம் வகுப்பிலும் என்று வரிசையாக வைக்கலாம். கோவளமும் மிருகக்காட்சிசாலையும் வேண்டாம் என்பதில் மட்டும் நான் உறுதி.

#15 கரமனைக்காரன்

நானும் அதையே சொல்ல வந்தேன். மிருகக்காட்சிசாலை நகரத்துக்கு நடுவில், திங்கட்கிழமை விடுமுறை. தும்பாவிலிருந்து பேருந்தில் அங்கே போய், நிறுத்த இடம் தேடி, 62 பேரை எண்ணி இறக்குவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். கோவளத்தில் அலை இழுக்கும். மாலையில் களைத்த ஆசிரியர்கள், தண்ணீரைப் பார்த்ததும் ஓடும் பிள்ளைகள், ஆபத்து அங்கேதான். தும்பாவுக்குப் பக்கத்தில் வேளி இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு நிழல் கிடைக்கும். காயல் கடலோடு சேரும் முகத்துவாரம் அங்கேயும் உண்டு. அந்தப் பக்கம் இறங்கவே விடாதீர்கள்.

நேரம் மிஞ்சினால் பி.எம்.ஜி சந்திப்புப் பக்கம் கேரள அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகமும் பிரியதர்சினி கோளரங்கமும் உள்ளன. பாடத்தோடு ஒட்டியது அதுதான். காட்சி எந்த மொழியில் என்று முன்பே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

#16 வள்ளியூர் அறிவியல்

சரி. தும்பா ஒன்று மட்டும், மதியம் வேளியில் சாப்பாடு. 62 பேரை எப்படிப் பிரிப்பது? ஒரு பிரிவு அருங்காட்சியகத்திலும் இன்னொன்று கோளரங்கத்திலும் இருந்து, பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

#17 நெல்லைத் தோழமை

மாற்றிக்கொள்ளும் திட்டம் தாளில் அழகாக இருக்கும். ஒரு குழு அரை மணி தாமதமானால் இரண்டு குழுவின் நேரமும் போச்சு. அருங்காட்சியகத்துக்குள் ஆசிரியர் கையில் கைப்பேசி இருக்காது என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும். தகவலும் சொல்ல முடியாது. பிரிவுக்கு ஒரு நாளாக, இரண்டு வேறு நாள் போங்கள். 31 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், ஒரு வண்டி. பழைய தேவாலயக் கட்டடத்தில் அறுபது பேர் ஒன்றாக நின்றால் பின்வரிசைக்கு முதுகுதான் தெரியும்.

உள்ளே பதினைந்து, பதினாறு பேராக இரண்டு குழு. ஒன்று வெளியில் உள்ளதைப் பார்க்கும்போது மற்றது உள்ளே. பேருந்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே ஏறட்டும்: ஒன்று முதல் 31 வரை நிலையான எண், பயணம் முழுக்க அதே எண். பெயர் கூப்பிடுவதைவிட விரைவு, எந்த எண் வரவில்லை என்பது உடனே தெரியும்.

சாப்பாடு: தயிர்சாதம் வேண்டாம், கடலோரப் புழுக்கத்தில் மதியத்துக்குள் புளித்துவிடும். புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி நிற்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வண்டியில் இருபது லிட்டர் கேன் இரண்டு. வாந்தி எடுக்கும் பிள்ளைகள் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உட்காரட்டும். மாத்திரை பெற்றோர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

#18 தக்கலை இயற்பியல்

பணித்தாள் பற்றி ஒரு வேண்டுகோள். இருபது கேள்வி கொடுத்தால் பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே நடப்பார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று கேள்வி. மூன்றும் பொருளைப் பார்த்தால் மட்டுமே விடை கிடைப்பவையாக இருக்க வேண்டும். சில மாதிரிகள்:

ரோகிணி வரிசை (ஆர்.எச் என்று தொடங்கும் ஆய்வு ராக்கெட்டுகள், ரோகிணி செயற்கைக்கோள் வேறு) ராக்கெட்டின் வாலில் எத்தனை சிறகு? பி.எஸ்.எல்.வி மாதிரியில் அதே இடத்தில் என்ன இருக்கிறது? (ஆய்வு ராக்கெட்டுக்கு வழிகாட்டும் கருவி இல்லை, சிறகும் சுழற்சியும்தான் அதை நேராக வைக்கின்றன. பி.எஸ்.எல்.வி உந்து விசையின் திசையைத் திருப்பித் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதைத் திரும்பி வந்தபின் வகுப்பில் விளக்குங்கள், அங்கேயே சொல்லிவிட வேண்டாம்.)

ஆர்.எச்-75, ஆர்.எச்-200, ஆர்.எச்-560 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன? பெயரைப் பார்க்காமல், அருகில் நின்று கைச்சாணால் மதிப்பிட்டுச் சொல். (மில்லிமீட்டரில் விட்டம். ஆர்.எச்-200 சுமார் 70, 80 கி.மீ வரை போகும், ஆர்.எச்-560 சுமார் 470 கி.மீ.)

இந்தக் கட்டடம் தேவாலயம் என்று காட்டும் மூன்று அடையாளங்களை வரை.

மூன்றாவதை எல்லோருக்கும் கொடுங்கள். வரையும்போது ஐந்து நிமிடமாவது ஒரே இடத்தில் நின்று மேலே பார்ப்பார்கள். எழுத அட்டையும் பென்சிலும் போதும், பேனா வேண்டாம்.

#19 கோலப்பொடி

ஆர்.எச்-200ஐ விடாமல் சொல்லுங்கள் டீச்சர். பெரிய ராக்கெட்டுகளுக்கு நடுவில் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மேலே போய்ச் செப்பு இழைத் துணுக்குகளைத் தூவும்; அவை காற்றில் மிதந்து போகும் திசையை ராடார் பின்தொடர்ந்து, உயர்வளியில் காற்று வீசும் வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். 2022 நவம்பர் 23 அன்று தும்பாவிலிருந்து தொடர்ந்து 200-வது முறையாக வெற்றிகரமாகப் பறந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கே உள்ள ராக்கெட்.

#20 காந்த ஊசி

1963-ன் சோடியம் ஆவியையும் வகுப்பில் காட்டலாம். ஸ்பிரிட் விளக்கு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வளையம், கெட்டியான உப்புக் கரைசல். வளையத்தை நனைத்துச் சுடரில் காட்டினால் அடர்மஞ்சள். வளையத்தை நன்றாகக் கழுவிச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். விளக்கில் சோடியம் வெப்பத்தால் ஒளிர்கிறது. ராக்கெட் விட்ட மேகம் வெயிலால் ஒளிர்ந்தது. அதனால்தான் அந்தி நேரம் தேர்ந்தெடுத்தார்கள்: தரை இருண்டிருக்கும், நூறு கி.மீ உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும். இருண்ட வானத்தில் செம்மஞ்சள் மேகம் தெரியும். வெவ்வேறு ஊர்களிலிருந்து அதைப் படமெடுத்து, கோணங்களை வைத்து, மேலே காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் இழுத்தது என்று கணக்கிட்டார்கள்.

#21 வள்ளியூர் அறிவியல்

எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்படி நிற்கிறது. பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம்: வரைபடம், காந்த ஊசி, மைதானத்தில் ராக்கெட், உப்புச் சுடர். பிரிவுக்கு ஒரு நாள், செவ்வாயும் வியாழனும். காலை 5.30க்குக் கிளம்பி, நாகர்கோவில் தாண்டி எங்காவது கழிப்பறை நிறுத்தம், 10 மணிக்குத் தும்பா, 12.30க்கு வேளி, 2 மணிக்குத் திரும்பினால் ஆறு மணிக்குள் பள்ளி. வந்தபின் செய்ய ஒரு வேலை சொல்லுங்கள். நீர் ராக்கெட் விடலாமா?

#22 தக்கலை இயற்பியல்

நேரம் சரி. இன்னும் ஒன்று: போகும் வழியில் காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரியைக் காட்டுங்கள். எல்.வி.எம்-3-ல் இருக்கும் விகாஸ் எஞ்சினையும் கிரையோஜெனிக் எஞ்சினையும் அந்த மலையடிவாரத்தில்தான் சோதிக்கிறார்கள். தும்பாவில் மாதிரியைப் பார்க்கும்போது, நம் ஊர் மலை என்பது அவர்களுக்கு ஞாபகம் வரும்.

நீர் ராக்கெட் நல்ல தேர்வு. குளிர்பானம் வந்த இரண்டு லிட்டர் பாட்டில் மட்டும் எடுங்கள். அது அழுத்தம் தாங்கும்படி செய்தது. குடிநீர் பாட்டில் மெலிசு, வெடிக்கும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாய்க்கு இறுக்கமான ரப்பர் தக்கை, அதன் நடுவில் கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, சைக்கிள் பம்பு, இடையில் குறைந்தது மூன்று மீட்டர் குழாய். தாங்கியில் தலைகீழாகச் செங்குத்தாக நிறுத்தி அடியுங்கள். தக்கை தானாகக் கழன்றதும் பறக்கும்.

பறக்காமல் அங்கேயே தண்ணீர் கொட்டினால் தக்கை தளர்வு. ஐந்தாறு மீட்டரில் நின்றுவிட்டால் தண்ணீர் அதிகம், காற்றுக்கு இடமில்லை. குட்டிக்கரணம் போட்டால் எடை பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். மூக்கில் ஐம்பது கிராம் களிமண் வைத்து, சிறகுகளைக் கீழே இறக்கி ஒட்டுங்கள். எவ்வளவு அடித்தும் தக்கை கழலாவிட்டால் யாரும் கிட்டே போகக்கூடாது. பம்பு முனையில் குழாயைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கியபின்தான் பாட்டிலைத் தொட வேண்டும். பிள்ளைகள் பத்து மீட்டர் தள்ளி, அடிப்பவருக்குக் கண்ணாடி.

தண்ணீர் அளவை மட்டும் மாற்றி, கால் பங்கு, மூன்றில் ஒன்று, பாதி என மும்மூன்று முறை விட்டு, பறந்த நேரத்தைக் கடிகாரத்தில் எடுத்து அட்டவணை போடச் சொல்லுங்கள். மற்ற எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும், பாட்டில்கூட அதேதான்.

#23 நெல்லைத் தோழமை

டீச்சர், முகாம் அலுவலகக் கடிதத்தில் ஐந்து பிள்ளைகளின் பெயரோடு உடன் போகும் பெண் ஆசிரியர் பெயரையும் எழுதுங்கள், திரும்பும் நேரமும் இருக்கட்டும். தும்பாவுக்கு அனுப்பும் பட்டியலிலும் அதே எழுத்துக்கூட்டலில் பெயர் வர வேண்டும். ஓரெழுத்து வேறுபட்டாலும் வாசலில் கேட்பார்கள்.